பி.கே.சி. சைக்கிள் பாதையை எடுத்தால் நெரிசல் தீருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில், அதாவது மும்பையில் எல்லோரும் பி.கே.சி. என்று சொல்கிற வட்டாரத்தில், சைக்கிள் பாதையை அகற்றிவிட்டு மோட்டார் வண்டிகளுக்கு இன்னொரு தடம் போடும் திட்டம் பற்றித் தாராவி, சயான், செம்பூர் தமிழர்கள் கேட்கிற கேள்விகள் இவை. இந்த விவகாரத்தில் எனக்கென்று ஒரு நிலைப்பாடு உண்டு. அதை ஒளித்து வைக்காமல்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

என்னதான் முடிவு எடுத்திருக்கிறார்கள்?

பி.கே.சி.யைத் திட்டமிட்டு நிர்வகிப்பது மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையம், சுருக்கமாக எம்.எம்.ஆர்.டி.ஏ. சாலையின் இருபுறமும் கிடக்கும் சுமார் 9.9 கிலோமீட்டர் சைக்கிள் பாதையை எடுத்துவிட்டு, ஒரு திசைக்கு இரண்டாக இருக்கும் தடங்களை மூன்றாக ஆக்கப்போவதாக 2025-இல் அது அறிவித்தது. செலவு ஏறக்குறைய 25 கோடி ரூபாய். மணிக்கு 600 கார் அலகுகளை (எல்லா வண்டிகளையும் கார் அளவாக மாற்றி எண்ணும் கணக்கு) தாங்கும் சாலை 900 அலகுகளைத் தாங்கும், 10 நிமிடக் காத்திருப்பு 7 நிமிடமாகக் குறையும் என்பது ஆணையம் சொன்ன கணக்கு. புகையும் குறையுமாம்.

காலியாகக் கிடக்கிற பாதைதானே? எடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. சைக்கிள் ஆர்வலர்கள் பலர் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. அந்தப் பாதையில் சைக்கிளைவிட நிறுத்தி வைத்த கார்களும் உணவு டெலிவரி ஸ்கூட்டர்களும்தான் அதிகம் என்பது தினமும் அந்த வழியாகப் போகிற எவருக்கும் தெரியும். பத்தாண்டுகளுக்கு மேலாக அதன் நிலை இதுதான். யாரும் பயன்படுத்தாத ஒன்றைப் புனிதம் என்று காக்கச் சொல்வது என் வேலையில்லை.

எனக்குள்ள கேள்வி வேறு. இரண்டரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு பட்டை, நாட்டிலேயே விலை உயர்ந்த நிலங்களில் ஒன்றின் நடுவே, பொதுமக்களுக்குச் சொந்தமாகக் கிடைக்கிறது. அதை யாரிடம் கொடுக்கப்போகிறோம்? இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே, கார்களுக்குத்தான் என்று விடையை எழுதிவிட்டார்கள்.

சரி, அந்தப் பாதையில் யாரும் ஏன் ஓட்டவில்லை? மும்பைக்காரர்களுக்குச் சைக்கிள் பிடிக்காதா?

பி.கே.சி.க்கு வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் குர்லாவிலோ பாந்த்ராவிலோ ரயிலை விட்டு இறங்குகிறவர்கள். அவர்களுக்குச் சைக்கிள் தேவைப்படுவது ஸ்டேஷன் வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை. குர்லா மேற்கு ஸ்டேஷன் வாசல் காலை ஒன்பது மணிக்கு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் இருக்க முடியாது. மும்பையின் நகரப் பேருந்தான பெஸ்ட் பஸ், ஷேர் ஆட்டோ வரிசை, தள்ளுவண்டி, இவற்றுக்கு இடையில் ஆயிரக்கணக்கான கால்கள். அங்கே சைக்கிளுக்கு ஓர் அடி இடம் கிடையாது. பயங்கரமான அந்தத் துண்டைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தால், அகலமான சாலையும் அமைதியும் இருக்கும் இடத்தில் உங்களுக்கென்று ஒரு பாதை காத்திருக்கும்! தேவையில்லாத இடத்தில் போட்டார்கள், தேவையான இடத்தில் விட்டார்கள்.

பிறகு பராமரிப்பு. பேவர் பிளாக் கற்கள் ஒரு மழைக்காலம் தாண்டினாலே பல் ஆடுவதுபோல ஆடத் தொடங்கும். எங்காவது குழாய் பதிக்கத் தோண்டுவார்கள். மூடும்போது மேடும் பள்ளமுமாக மூடுவார்கள். குறுக்கே ஒரு கார் நின்றால் இறங்கிச் சாலைக்கு வந்து, மறுபடி ஏறவேண்டும். இரண்டு முறை அப்படிச் செய்தவர் மூன்றாம் முறை சாலையிலேயே ஓட்டுவார். நிறுத்திய கார்களுக்கு அபராதம் போட்டிருந்தாலே பாதிக் கதை மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் பி.கே.சி.யில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். எண்ணுகிறவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

விடியற்காலையில் தாராவித் தொண்ணூறு அடி சாலைப் பக்கம் நின்று பாருங்கள். நம் ஊர்க்காரர்கள் இட்லிச் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு வருவார்கள். பின்னால் காரியரில் துணி சுற்றிய பெரிய அலுமினியப் பாத்திரம், அதற்குள் அடுக்கடுக்காக இட்லி, மேலே ஒரு கூடையில் மெதுவடை. ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் சாம்பார்த் தூக்கு, மறுபக்கம் சட்னித் தூக்கு. பாம் பாம் என்று ரப்பர் ஹார்ன். பாரம் தாங்க இரும்புப் பட்டையில் அடித்த இரட்டை ஸ்டாண்டு. மித்தி ஆற்றுப் பாலம் ஏறும்போது இறங்கித் தள்ளுவார்கள். அந்தப் பக்கம் போனால் செக்யூரிட்டி ஊழியர்கள், டிரைவர்கள், கட்டட வேலைக்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், எல்லோருக்கும் காலைச் சாப்பாடு அதுதான்.

இந்த மனிதர் சைக்கிள் பாதையில் ஏறுவதில்லை. விளிம்புக் கல் மீது முன்சக்கரத்தை ஏற்றினால் சாம்பார் தளும்பிவிடும். அதோடு, அவருடைய வாடிக்கையாளர்கள் கட்டட வாசலில் நிற்பதில்லை, பின்பக்கச் சந்தில் நிற்கிறார்கள். பாதையை வரைந்தவர்கள் மனதில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் அணிந்து கியர் சைக்கிளில் வருகிற ஒருவர். தினமும் எடை சுமந்து ஓட்டுகிறவர் அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை. அலுவலகங்களுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோகும் டப்பாவாலாக்கள், பால் போடுகிறவர்கள், பேப்பர் போடுகிறவர்கள், மின்சைக்கிளில் உணவு கொண்டுவரும் பையன்கள் என்று பட்டியல் நீளும். பாதை காலி என்பது உண்மை. சைக்கிளே இல்லை என்பது உண்மையில்லை.

600 அலகு, 900 அலகு என்கிறார்களே, அந்தக் கணக்கு சரியா?

கணக்கு சரியாகவே இருக்கலாம். எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தப் பதில் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள், முழு விவாதமும் இதற்குள் இருக்கிறது.

சாலைப் பொறியாளர்கள் எல்லா வண்டிகளையும் கார் அளவாக மாற்றி எண்ணுவார்கள். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-இல் நகர்ப்புறச் சாலைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியின்படி ஒரு கார் என்றால் 1. பஸ், மொத்த ஓட்டத்தில் அதன் பங்கைப் பொறுத்து 2.2 முதல் 3.7 வரை. ஆட்டோ 1.2 முதல் 2 வரை. சைக்கிள் 0.4 அல்லது 0.5. சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் அளவுகோல். உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அதில் ஒரு மதிப்பும் கிடையாது. ஒருவர் தனியாக ஓட்டிவரும் பெரிய கார் 1. குர்லாவிலிருந்து மூன்று பேரை நெருக்கி ஏற்றிவரும் ஷேர் ஆட்டோ அதைவிட அதிகம்!

இப்போது கூடுதலாகக் கிடைக்கப்போகும் 300 அலகை எடுத்துக்கொள்வோம். அத்தனையும் கார்களுக்குப் போனால் மணிக்கு 300 கார். ஒரு காருக்கு ஒன்றரைப் பேர் என்று தாராளமாகவே வைத்தாலும் 450 பேர். அதே 300 அலகை பஸ்களுக்குக் கொடுத்து, பஸ்ஸுக்கு மிக அதிகமான 3.7 என்ற அளவையே போட்டாலும் 80 பஸ் வருகிறது. பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் 4,000 பேர். சைக்கிளுக்கு 0.5 போட்டால் 600 பேர். அதாவது அவர்களுடைய அலகை வைத்தே கணக்குப் போட்டாலும், இருக்கிற வழிகளில் மிகக் குறைந்த மனிதர்களை ஏற்றிச்செல்கிற வழியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

வண்டிகளை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே குறிக்கோளாக இருக்கவேண்டும் என்று மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே எழுதி வைத்திருக்கிறது. கொள்கைகளுக்கு நம் நாட்டில் குறைவே இல்லை.

எப்படியானாலும் ஒரு தடம் கூடினால் வண்டிகள் வேகமாகப் போகத்தானே செய்யும்?

முதல் சில மாதங்கள் போகும். அதற்குப் பிறகு இரண்டு காரியங்கள் நடக்கும்.

ஒன்று, சாலை ஓட்டத்தைத் தீர்மானிப்பது நடுச்சாலையின் அகலம் அல்ல, முடிகிற இடத்தின் அகலம். பி.கே.சி.யில் உள்ளே எத்தனை தடம் போட்டாலும் காலாநகர், தாராவி டி சந்திப்பு, குர்லா பக்கம் லால் பகதூர் சாஸ்திரி சாலை என்று வெளியேறும் வாய்கள் அதே அளவில்தான் இருக்கின்றன. இரண்டு வரிசையாக நின்ற கார்கள் மூன்று வரிசையாக நிற்கும். வரிசையின் நீளம் குறையும், காத்திருக்கும் நேரம் குறையாது.

இன்னொன்றை அமெரிக்கப் பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் 1962-லேயே விளக்கிவிட்டார். சாலை கொஞ்சம் காலியானது தெரிந்ததும், இதுவரை ரயிலில் போனவர்களும், நேரம் மாற்றிப் போனவர்களும், வேறு வழியாகச் சுற்றிப் போனவர்களும் அந்தச் சாலைக்கே திரும்பி வருவார்கள். பழைய நெரிசல் வரும்வரை வந்துகொண்டே இருப்பார்கள். மும்பைக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1990-களின் பிற்பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மேம்பாலங்களுக்குத் திட்டம் போட்டுக் கட்டத் தொடங்கினார்கள். அவை வந்த பிறகு சயானிலிருந்து அந்தேரிக்கு எவ்வளவு நேரத்தில் போகிறோம் என்று அந்தக் காலத்திலிருந்து இங்கே இருக்கிற பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பின்னே, பி.கே.சி. நெரிசலுக்கு உண்மையான காரணம் என்ன?

ஒரே காரணம் இல்லை. அகமதாபாத் புல்லட் ரயிலின் நிலத்தடி முனையம் பி.கே.சி.யிலேயே தோண்டப்படுகிறது. மெட்ரோ ரயிலின் 2பி வழித்தடத்துக்கான தூண்கள் நடுவே எழுந்தன. சயான் ரயில்வே மேம்பாலம் 2024 ஆகஸ்டில் இடிப்பதற்காக மூடப்பட்டதும் அதன் போக்குவரத்தில் ஒரு பங்கு பி.கே.சி. வழியாகத் திரும்பியது. கிழக்குப் புறநகருக்கும் மேற்குப் புறநகருக்கும் நடுவில் குறுக்குவழி இது. ஆக, இங்கே வேலை இல்லாதவர்களின் வண்டிகளும் இதற்குள் புகுந்து வெளியேறுகின்றன.

எனக்கு மிகவும் உறுத்துவது பஸ். பெஸ்ட் நிறுவனத்திடம் ஒருகாலத்தில் 4,000-க்கும் மேல் பஸ்கள் இருந்தன. இப்போது 3,000-க்கும் கீழே. மே 2025-இல் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாய் ஆனது. பஸ் குறைந்து, கட்டணம் இரட்டித்தால் மனிதர்கள் எங்கே போவார்கள்? ஷேர் ஆட்டோவுக்கும் பைக்குக்கும்தான்.

வேறு ஊர்களில் எடுத்துப் பார்த்திருக்கிறார்களா?

தில்லியில் எடுத்தார்கள். அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நீளத்தில் 2008-இல் பஸ்ஸுக்குத் தனித்தடம், பக்கத்தில் சைக்கிளுக்கும் பாதை என்று ஓர் அமைப்பு வந்தது. கார் வைத்திருந்தவர்களுக்குத் தாங்க முடியாத கோபம். மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் வாகன ஓட்டத்தைக் கணக்கிட்டு, இந்த அமைப்பு இல்லாவிட்டால் நல்லது என்றது. ஆனால் தில்லி உயர்நீதிமன்றம் 2012-இல் அதை அகற்றக் கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தது. பஸ்ஸில் போகிற பெரும்பான்மையை மறந்துவிட்டுக் கார் ஓட்டத்தை மட்டும் பார்க்கக்கூடாது என்ற பார்வை அந்தத் தீர்ப்பில் இருந்தது. பிறகு அரசியல் மாறியது, 2016-இல் இடித்துவிட்டார்கள். அமைப்பில் குறைகள் இருந்தன என்பதை மறுக்கமாட்டேன். சிராக் தில்லி சந்திப்பில் சிக்னல் நேரம் கொடுமையாக இருந்தது. சிக்னலைச் சரிசெய்யவேண்டிய இடத்தில் பஸ் தடத்தையே பெயர்த்தார்கள். அந்தச் சந்திப்பில் நெரிசல் என்ற செய்தி அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

கனடாவில் கதை இன்னும் சுவையானது. டொரோண்டோ நகரில் புளூர், யங், யுனிவர்சிட்டி ஆகிய மூன்று பெரிய சாலைகளின் சைக்கிள் பாதைகளை எடுக்க ஒண்டாரியோ மாகாண அரசு 2024 நவம்பரில் சட்டமே போட்டது. நெரிசலைக் குறைப்பதுதான் சொன்ன காரணம். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். மாகாண உயர்நீதிமன்றம் 2025 ஜூலை 30 அன்று அந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பாதையை எடுத்தால் உயிருக்கு ஆபத்து கூடும், நெரிசல் குறையும் என்பதற்கோ ஆதாரம் இல்லை, அரசுக்குக் கிடைத்த ஆலோசனையே அப்படித்தான் சொல்கிறது என்பது தீர்ப்பின் சாரம். மாகாண அரசு மேல்முறையீடு என்று கிளம்பியது.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். டொரோண்டோவில் பாதைகள் நிரம்பி ஓடின, பி.கே.சி.யில் ஓடவில்லை. ஆகையால் அந்தத் தீர்ப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைக்க முடியாது.

ஆம்புலன்சுக்கு வழி வேண்டாமா?

வேண்டும். மூன்று தடமும் கார்களால் அடைந்து நின்றால் ஆம்புலன்ஸ் எதில் போகும்? பஸ்ஸுக்கென ஒரு தடம் ஒதுக்கினால் அதில் போகலாம்.

மும்பை மழையில் யார் சைக்கிள் ஓட்டுவார்கள்?

இட்லிக்காரர் ஓட்டுகிறார். பாத்திரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, தலைக்கு ஒன்று.

மெட்ரோ வந்துவிட்டதே, இனி என்ன கவலை?

மெட்ரோ 3 வந்தது பெரிய நன்மை, சந்தேகமில்லை. 2024 அக்டோபரில் ஆரேயிலிருந்து பி.கே.சி. வரை, 2025 மே மாதம் வொர்லி வரை, அதே ஆண்டு அக்டோபரில் கஃப் பரேடு வரை. தாராவிக்கும் ஸ்டேஷன் கிடைத்திருக்கிறது. ஆனால் இது வடக்கு தெற்காகப் போகிற வழி. குர்லாவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருகிறவருக்கு நேரடிப் பயன் குறைவு. மெட்ரோவை விட்டு இறங்கிய பிறகும் ஓர் ஒன்றரைக் கிலோமீட்டர் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்துக்குத்தான் சைக்கிள், நடைபாதை, சிறிய பஸ் எல்லாம். பி.கே.சி.க்கு 8.85 கிலோமீட்டரில் பாட் டாக்ஸி, அதாவது உயர்த்திய பாதையில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் சிறு வண்டி, விடும் திட்டமும் வைத்திருக்கிறார்கள். ஆகாயத்தில் ஓடுகிற திட்டம் என்றால் பணம் ஓடி வருகிறது, தரையில் ஓடுகிற பஸ்ஸுக்குத்தான் வருவதில்லை.

சைக்கிளுக்குச் சட்டத்தில் என்ன இடம்?

சாதாரணச் சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேக வரம்பும் உள்ள மின்சைக்கிள்களுக்கும், மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், இதே விலக்கு உண்டு. டெலிவரிப் பையன்கள் பலர் அந்த வண்டிகளில்தான் ஓடுகிறார்கள்.

ஆனால் இந்த நகரம் பெரும் பணம் போட்டுக் கட்டிய சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பாந்த்ரா வொர்லி கடல் பாலம், நவி மும்பைப் பக்கம் போகும் அடல் சேது கடல் பாலம், கடற்கரைச் சாலை எதிலும் போக முடியாது. வேகம் காரணம், ஏற்றுக்கொள்வோம். அதனால்தான் தரையில் இருக்கும் சாலைகளிலாவது இடம் கேட்கிறோம்.

சைக்கிள் பாதை என்றால் எல்லாமே நல்லது என்கிறீர்களா?

இல்லவே இல்லை. பவாய் ஏரியைச் சுற்றி மாநகராட்சி ஒரு சைக்கிள் பாதை கட்டத் தொடங்கியது. ஏரிக்குள் கல்லைக் கொட்டிக் கட்டினார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் 2022 மே மாதம் அது சட்டவிரோதம் என்று சொல்லி, போட்டதை அகற்றச் சொன்னது. சரியான தீர்ப்பு. தான்சா குடிநீர்க் குழாய் ஓரமாக முலுண்டிலிருந்து சயான் வரை 39 கிலோமீட்டர் பாதை என்று இன்னொரு திட்டம் பல ஆண்டுகளுக்கு முன் அறிவிக்கப்பட்டது. அது முழுமையாக வந்திருந்தால் நம் சயான், செம்பூர்க்காரர்களுக்கு உண்மையிலேயே உதவியிருக்கும். வேலைக்குப் போகிற திசையில் போகிறதா, இடையில் அறுபடாமல் போகிறதா என்ற இரண்டைத்தான் நான் பார்ப்பேன். அழகுக்குப் போடுகிற பாதை எனக்கு வேண்டாம்.

நீங்கள் கார்க்காரர்களுக்கு எதிரியா?

என் மைத்துனர் காரில்தான் பி.கே.சி. போகிறார். பஸ் தடம் வந்தால் முதலில் காரை விடுகிற ஆள் அவர்தான்.

எப்படியும் எடுத்துவிடுவார்கள் என்றால், என்ன கேட்பது?

எடுக்கட்டும். ஆனால் கிடைக்கிற பட்டையைக் காலையிலும் மாலையிலுமாவது பஸ்ஸுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். குர்லா ஸ்டேஷனிலிருந்தும் பாந்த்ரா ஸ்டேஷனிலிருந்தும் அடிக்கடி ஓடுகிற சிறிய பஸ்கள், ஓரத்தில் கார் நிறுத்தினால் தவறாத அபராதம், இவை இரண்டும் இல்லாமல் அந்தத் தடத்தால் பயனில்லை. சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்பதைவிட, தாராவிப் பக்கப் பாலங்களின் ஏற்றத்திலும் சிக்னல்களிலும் பாதுகாப்பாகக் கடக்க இடம் கேட்பது இப்போதைக்குப் பயன்தரும். சைக்கிள்காரர் அடிபடுவது அங்கேதான், அகலமான நடுச்சாலையில் அல்ல. நடந்து போகிறவர்களுக்கும் அதே இடத்தில்தான் ஆபத்து. தாராவியிலிருந்து துப்புரவு வேலைக்கு நடந்தே போகிற பெண்களைப் பற்றி இந்தத் திட்டத்தில் ஒரு வரியும் கண்ணில் படவில்லை.

யாரிடம் கேட்பது? மனு கொடுத்தால் படிப்பார்களா?

எம்.எம்.ஆர்.டி.ஏ. தலைமை அலுவலகம் பி.கே.சி.யிலேயே இருக்கிறது, நெரிசலைத் தாண்டித்தான் போகவேண்டும். கோரிக்கை மனுவைவிடத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்பது நல்லது, ஏனென்றால் 30 நாட்களுக்குள் பதில் தந்தாகவேண்டும். கட்டணம் 10 ரூபாய். மகாராஷ்டிர விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொற்களுக்குள் இருக்கவேண்டும். மராத்தியில் எழுதித்தர ஆள் கிடைத்தால் மராத்தியில், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் எழுதலாம். 900 அலகு என்ற கணக்கு எந்த ஆய்விலிருந்து வந்தது, அந்த ஆய்வில் பஸ் பயணிகளையும் சைக்கிளில் வருகிறவர்களையும் நடப்பவர்களையும் எண்ணினார்களா, எந்த நாளில் எந்த நேரத்தில் எந்தச் சந்திப்பில் எண்ணினார்கள் என்று கேட்டு, ஆய்வறிக்கையின் நகலையும் கேளுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சியாக முத்திரையிட்ட பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு அந்தப் பிரதிதான் தேவைப்படும்.